பாவாடையை மடித்துத் தைக்கலாம், சைக்கிளை?

ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கூடம் போகிற குழந்தை இருக்கும் வீட்டில், மே மாதம் வந்தால் மூன்று செலவு நிச்சயம். யூனிபார்ம், நோட்டுப் புத்தகம், சைக்கிள். முதல் இரண்டையும் நம்மிடமே விட்டுவிடுவார்கள். சைக்கிள் என்று வந்தால் மட்டும் விஷயம் ஆண்கள் கைக்குப் போய்விடும். கடைக்குப் போவார்கள், டயரை ஒரு அமுக்கு அமுக்கிப் பார்ப்பார்கள், மணியை இரண்டு தடவை அடிப்பார்கள், "இருக்கிறதிலேயே பெரிசா ஒண்ணு குடுங்கண்ணே, வளர்ற புள்ள" என்பார்கள். அவ்வளவுதான், முடிந்தது.

இந்த 'வளர்ற புள்ள' நமக்கும் புதிதில்லை. பாவாடைக்கு அடியில் இரண்டு டக் பிடித்துத் தைத்து, வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிடாத தாய் மதுரையில் உண்டா? யூனிபார்ம் சட்டை முதல் வருஷம் தொளதொள, இரண்டாம் வருஷம் சரி, மூன்றாம் வருஷம் பிடிப்பு. அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் சைக்கிளுக்கு டக் பிடிக்க முடியாது. நீளப் பாவாடை தடுக்கினால் முட்டியில் சிராய்ப்போடு போகும். எட்டாத சைக்கிளில் குழந்தை தடுமாறுவது நடுரோட்டில்.

என் நாத்தனார் மகளுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவர்கள் இருப்பது உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். உயர்நிலைப் பள்ளி 4 கிலோமீட்டர் தள்ளி. டவுன் பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது அவளுக்குப் பத்து வயது, ஆள் சின்ன ஆகிருதி. அவள் அப்பா ஆசையாக 26 அங்குலச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். ஓடிக்கொண்டிருக்கும்வரை நன்றாகத்தான் ஓட்டினாள். நிற்கத்தான் முடியாது. சீட்டில் உட்கார்ந்தால் கால் கட்டைவிரல்கூடத் தரையில் படாது. வீட்டில் திண்ணை ஓரமாக வந்து இறங்கிக்கொள்வாள். ரோட்டில் திண்ணைக்கு எங்கே போவது? ஒரு நாள் எதிரே டிராக்டர் வந்தது, பிரேக்கைப் பிடித்தாள், சைக்கிள் நின்றது, கால் எட்டவில்லை, அப்படியே சாய்ந்தாள். மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. நல்ல வேளை, டிராக்டர்காரர் முன்பே நிறுத்திவிட்டார்.

கை கூடிவிட்டது. பயம் போகவில்லை. சைக்கிளைத் தொட மாட்டேன் என்றுவிட்டாள். பஸ்ஸை விட்டால் லீவு, மழை பெய்தால் லீவு, அவள் அப்பா வெளியூர் போனால் லீவு. ஏழாம் வகுப்பில் மார்க் இறங்கியது. எட்டாம் வகுப்பில், "இம்புட்டுச் சிரமப்பட்டு என்னத்துக்கு, படிச்சது போதும்" என்று பெரியவர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். புத்தம் புதுச் சைக்கிள் மாட்டுக் கொட்டகைச் சுவரில் சாய்ந்து, கோழி அடைகிற இடமாகப் போயிற்று.

இது மனதில் கிடந்ததால், போன வருஷம் என் மகளுக்குச் சைக்கிள் வாங்கும் பேச்சு வந்தபோது நான் விடுவதாக இல்லை. நாங்கள் இருப்பது திருநகர். பள்ளிக்கூடம் திருப்பரங்குன்றம் பக்கம். தெருக்கள் வழியாகவே போய்விடலாம் என்றாலும், பெரிய ரோட்டை ஓரிடத்தில் கடக்காமல் தீராது.

"என்னங்க, பிள்ளைக்கு 24 அங்குலம் போதும்ங்க" என்றேன்.

"இப்பவே 26 வாங்கிட்டா பன்னெண்டாவது வரைக்கும் ஓடிரும்ல? ரெண்டு தடவை யாரு செலவழிக்கிறது? நாமெல்லாம் குரங்கு பெடல் போட்டுப் படிக்கலையா?"

இந்தக் குரங்கு பெடலைச் சொன்னால் எந்த வாதமும் அடங்கிவிடும் என்று ஆண்களுக்கு ஒரு நினைப்பு. நானும் போட்டவள்தான். அப்பாவிடம் பெரிய ஹெர்குலிஸ் இருந்தது. 1949-ல் ஆரம்பித்த அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியின் வண்டி. 28 அங்குலச் சக்கரம், குறுக்குக் கம்பி என் மார்பு உயரம். மத்தியானம் அப்பா கண்ணயர்ந்ததும் தள்ளிக்கொண்டு போய், கம்பிக்கு அடியில் காலை நுழைத்து, ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டு மிதிப்பேன். 2024-ல் 'குரங்கு பெடல்' என்ற பெயரிலேயே ஒரு சினிமா வந்ததே, கோடை லீவில் வாடகைச் சைக்கிளுக்கு ஏங்கும் பையனைப் பற்றி. அதைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் கண் கலங்கினார். கலங்கட்டும். ஆனால் ஆசைப்பட்டா அப்படி ஓட்டினோம்? வீட்டில் இருந்தது ஒரே சைக்கிள், அது அப்பாவுடையது. கையில் காசு கிடைத்த அன்று வாடகைக் கடைக்கு ஓடி, நம் அளவுக்கு இருக்கும் குட்டிச் சைக்கிளைத்தானே கேட்டோம்? அன்றைக்குத் தெருவில் எதிரே வந்தது மாட்டு வண்டி. இன்றைக்கு ஷேர் ஆட்டோவும் மணல் லாரியும்.

அப்போது எனக்குத் துணைக்கு வந்தவர் என் அத்தை, அதாவது மாமியார். அவர் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர். 1991-92-ல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் அப்போது சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளிலேயே பழகியவர்கள் நிறைய. முன் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பி எடுத்தவர்களும் உண்டு. எங்கள் அத்தையும் அதில் ஒருவர். அந்தக் கம்பியில் உட்கார்ந்து சந்தைக்குப் போன குழந்தைதான் என் நாத்தனார்!

அத்தை சொன்னார்: "எனக்குச் சொல்லிக்குடுத்த புள்ள மொத வேலையா சீட்டைக் கீழ எறக்கிச்சு. ரெண்டு காலையும் ஊனிக்கங்கக்கா, அப்பறம் பயம் எங்கிட்டுப் போகும்னு பாருங்கன்னுச்சு. எம் பேத்திக்கு மட்டும் அந்தரத்துல தொங்கணுமாக்கும்?"

அதோடு வீட்டுக்காரர் வாயடைத்துப் போனார்.

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. வயதையும் உயரத்தையும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே வயதில், ஒரே உயரத்தில் இரண்டு குழந்தைகளை நிறுத்துங்கள். ஒன்றுக்குக் கால் நீளம், ஒன்றுக்கு உடம்பு நீளம். சைக்கிளுக்கு வேண்டியது காலளவு. குழந்தையைப் பள்ளிக்குப் போடும் செருப்போ ஷூவோ போட்டுச் சுவரில் முதுகு ஒட்ட நிற்கச் சொல்லுங்கள். கால்களைச் சற்றே அகட்டி, நடுவே ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சீட்டில் உட்காருகிற மாதிரி மேலே அழுத்தி நிறுத்தி, புத்தகத்தின் மேல் விளிம்பு சுவரில் படும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். தரையிலிருந்து கோடு வரை தையல் டேப்பால் அளந்தால் அதுதான் காலளவு. என் மகளுக்கு 25 அங்குலம் வந்தது.

இப்போது அதே டேப்பைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. சீட்டை முழுக்க இறக்கச் சொல்லி, தரையிலிருந்து சீட்டின் மேல்பக்கம் வரை அளந்து பாருங்கள். புதிதாகப் பழகும் குழந்தைக்கு அது காலளவைவிட அதிகமாக இருக்கவே கூடாது. உட்கார்ந்தபடி இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும். நன்றாக ஓட்டத் தெரிந்த பிள்ளைக்குச் சீட்டை ஏற்றி, முன்னங்கால் ஊன்றினால் போதும் என்று வைக்கலாம். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருந்தால் சரியான உயரம். மடங்காமல் விறைத்தால் சீட்டு அதிக உயரம், முழங்கால் வயிற்றை இடித்தால் தாழ்வு. பையன்கள் சைக்கிளில் குறுக்குக் கம்பி இருக்கிறதல்லவா, அதன் மேல் இரண்டு பக்கமும் கால் போட்டு நின்றால், கம்பிக்கும் உடம்புக்கும் நடுவே ஒன்றிரண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும். ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

கடைக்காரர்கள் சொல்லும் 12, 16, 20, 24, 26 எல்லாம் சக்கரத்தின் அளவு. பொதுவாக 16 நாலிலிருந்து ஆறு வயதுக்கு, 20 ஆறிலிருந்து ஒன்பது, 24 ஒன்பதிலிருந்து பன்னிரண்டு என்பார்கள். அது ஒரு குத்துமதிப்புத்தான். 24 என்று சொல்லும் இரண்டு சைக்கிள்களில் ஒன்றின் சீட்டு மற்றதைவிட இரண்டு அங்குலம் உயரமாக இருந்ததை நானே அளந்து பார்த்தேன்.

நாங்கள் டவுனுக்குள் போன கடையில், அந்த அண்ணன் என் மகளைத் தூக்கி 26-ல் உட்கார வைத்து, பின்னாலிருந்து கேரியரைப் பிடித்துக்கொண்டு, "பாப்பா சூப்பரா இருக்கு பாருங்கக்கா!" என்றார். அவர் பிடித்துக்கொண்டிருந்தால் ஆறு மாதக் குழந்தைகூட உட்காரும். "அண்ணே, கையை எடுங்க" என்றேன். எடுக்கவில்லை. சிரித்துக்கொண்டே 24-ஐ இறக்கினார்.

சீட்டுக்கு அடுத்தபடி கை. பிரேக் பிடிக்கும் குழந்தையின் விரலுக்கும் நடுவே தூரம் அதிகமிருந்தால், வேண்டிய நேரத்தில் பிடிக்க வராது. கைப்பிடியில் கை வைத்தபடியே விரலை நீட்டிப் பிரேக்கை எட்டுகிறதா, முழுக்க அழுத்த வலு இருக்கிறதா என்று குழந்தையையே செய்யச் சொல்லிப் பாருங்கள். பல சைக்கிள்களில் பிடியைக் கைக்கு நெருக்கமாகக் கொண்டுவர ஒரு சின்னத் திருகாணி இருக்கும். கேட்டால் சரிசெய்து தருவார்கள். கேட்காவிட்டால் தர மாட்டார்கள். வழக்கமாக வலது கைப் பிரேக் முன் சக்கரத்துக்கு. எதற்கும் அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். வேகத்தில் முன் பிரேக்கை மட்டும் சடக்கென்று பிடித்தால் ஆள் முன்னால் குப்புற விழுவார் என்பதையும், இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்பதையும் முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிட வேண்டும்.

எடை என்று ஒன்று இருக்கிறது, அதை யாரும் பார்ப்பதில்லை. இப்போது பையன்களுக்கெல்லாம் மோட்டார் சைக்கிள் மாதிரி பருமனான டயர், நடுவில் ஸ்பிரிங், ஏழு கியர் என்று வேண்டியிருக்கிறது. பார்க்கக் கம்பீரம்தான். எங்கள் எதிர்வீட்டுப் பையன் சைக்கிளைப் பழைய பேப்பர் கடைத் தராசில் ஏற்றியபோது 17 கிலோ காட்டியது. பையன் 30 கிலோ. அது சாய்ந்தால் அவனால் நிமிர்த்த முடிவதில்லை, அவன் அம்மாதான் ஓடுகிறாள். மலைப்பாதைக்குச் செய்த ஸ்பிரிங் நம் தார் ரோட்டில் என்ன செய்யப் போகிறது? மதுரையைச் சுற்றி எல்லாம் சமதரை. பாலங்களைத் தவிர ஏற்றம் ஏது? அதில் இறங்கித் தள்ளினால் போயிற்று. கியர் இல்லாத சாதாச் சைக்கிள் போதும். கியர் வைத்தால் அதைப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக்கையும் தேட வேண்டும்.

பெண் குழந்தைகளுக்கு நான் கட்டாயம் கேட்டு வாங்கச் சொல்வது செயின் முழுவதையும் மூடும் கவர். பாவாடை, துப்பட்டா, சுடிதார்க் கால், எதுவானாலும் சங்கிலி பிடித்துக்கொண்டால் விடாது. பின் சக்கரத்துக்குப் பக்கவாட்டு வலையும் இருந்தால் நல்லது. பிறகு நல்ல கேரியர். புத்தக மூட்டையைச் சாப்பாட்டுக் கூடையோடு சேர்த்து ஹாண்டில்பாரில் மாட்டுகிறார்கள். அது ஹாண்டிலை ஒரு பக்கமாக இழுக்கும், ஆடி ஆடிச் சக்கரக் கம்பியிலும் சிக்கும். பின்னால் வைத்துக் கட்டிவிடுங்கள்.

நிறம் அற்ப விஷயம் என்று நினைக்காதீர்கள். பெண் என்றால் ரோஸ் கலரைத்தான் முன்னால் தள்ளுவார்கள். நான் கருநீலம் எடுத்தேன். பின்னால் ஏழு வயதில் ஒரு தம்பி இருக்கிறான், ரோஸில் ஏறுவானா?

தம்பி சைக்கிள் பழகியது தனிக் கதை. பக்கத்தில் குட்டிச் சக்கரம் மாட்டிய சைக்கிளில் ஒரு வருஷம் ஓட்டியும், சக்கரத்தைக் கழற்றினால் விழுந்தான். சமநிலை பழகவே இல்லை, எப்படி நிற்பான்? எங்கள் தெருமுனையில் வேப்ப மரத்தடி மெக்கானிக் அண்ணன் பெடல் இரண்டையும் கழற்றிவிட்டு, சீட்டை இறக்கி, "காலால உந்தி உந்திப் போடா தம்பி" என்று அனுப்பினார். காலைத் தூக்கிக்கொண்டு பத்தடி, இருபதடி மிதந்து போகப் பழகியதும் பெடலை மாட்டினார். அந்த ஞாயிற்றுக்கிழமையே ஓட்டிவிட்டான். சின்னக் குழந்தை இருக்கிறவர்கள் இதைச் செய்து பாருங்கள். இடது பெடலின் மரை மட்டும் எதிர்ப்பக்கம் சுற்றும், ஆகவே நீங்களே கழற்றினால் அது நினைவிருக்கட்டும்.

சரி, அந்த 'ரெண்டு தடவைச் செலவு' என்னவாயிற்று என்று கேட்பீர்கள். என் வீட்டுக்காரரிடம் நான் போட்டுக் காட்டிய கணக்கு இது. அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் பதினொன்றாம் வகுப்புக்கு வந்தால் பிள்ளைகளுக்கு விலையில்லாச் சைக்கிள் கிடைக்கிறது. 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கென்று ஆரம்பித்த திட்டம், 2005-06 முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று ஆயிற்று. ஆகவே நாம் வாங்கும் சைக்கிள் பன்னிரண்டாவது வரை ஓட வேண்டிய அவசியமே இல்லை. இந்த வயதில் குழந்தை வருஷத்துக்கு இரண்டு அங்குலம் போல வளரும். அதில் காலுக்குச் சேருவது ஏறக்குறையப் பாதி. நல்ல சைக்கிளில் சீட்டை நாலு அங்குலம் வரை ஏற்றலாம். அப்படியானால் மூன்று வருஷத்துக்குக் குறையாது. சைக்கிளுக்கு டக் பிடிக்க முடியாது என்றேனே, அந்தச் சீட்டுக் குழாய்தான் அதன் டக். ஆனால் குழாயில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோடு வெளியே தெரியும் அளவுக்கு ஏற்றக் கூடாது. ஏற்றினால் குழாய் வளைந்தோ முறிந்தோ போகும்.

இந்தச் சித்திரைத் திருவிழாவுக்கு நாத்தனார் குடும்பம் வந்திருந்தது. அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள், பெரியவர்கள் எல்லாரும் அசந்து தூங்கும் நேரம். நாத்தனார் மகளுக்கு இப்போது பதின்மூன்று வயது. என் மகள், "அண்ணி, இதுல உக்காந்து மட்டும் பாருங்க, கால் எட்டும்" என்று இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், கூப்பிடவில்லை. சீட்டை இறக்கியிருந்தார்கள். அவள் வெகு நேரம் உட்கார்ந்தே இருந்தாள், இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு. பிறகு காலால் உந்தினாள். தெரு முனை வரைக்கும் போய், இறங்கி, சைக்கிளைத் திருப்பி, மறுபடி உந்திக்கொண்டே வந்தாள். மூன்றாம் நாள் மிதித்தாள்.

ஊருக்குப் போனதும் கொட்டகையிலிருந்த அந்த 26 அங்குலச் சைக்கிளைக் கழுவி, டியூப் இரண்டையும் மாற்றி, சீட்டை அடியோடு இறக்கிப் பார்த்தார்களாம். இப்போது அவளுக்கு அளவாக இருக்கிறது. ஜூன் மாதம் ஒன்பதாம் வகுப்புக்கு அதில்தான் போகிறாள். வழியெல்லாம் சீமைக் கருவேல முள், பஞ்சர் ஓயாது என்பதுதான் அவள் அப்பாவின் இப்போதைய புலம்பல். அவள் பதினொன்றாம் வகுப்பில் அரசுச் சைக்கிள் வாங்கியதும் அந்த 26 என் மகளுக்கு வந்துவிடும், எங்கள் 24 தம்பிக்கு இறங்கும் என்று அத்தை இப்போதே பாகம் பிரித்து வைத்திருக்கிறார்.

புதுச் சைக்கிள் வாங்கினால் ஒரு மாதம் ஓட்டிய பிறகு மறுபடி கடைக்குக் கொண்டுபோய் எல்லாத் திருகாணியையும் சக்கரக் கம்பிகளையும் முறுக்கித் தரச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் தளர்ந்து கொடுக்கும். சங்கிலிக்குத் தேங்காயெண்ணெய், சமையலெண்ணெய் விடாதீர்கள். பிசுக்காகி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். தையல் மிஷின் எண்ணெய் சொட்டுச் சொட்டாக விட்டுத் துணியால் துடைத்துவிடுங்கள். ஹெல்மெட் வாங்கினால் அதுவும் அளந்துதான்: புருவத்துக்கு மேலே தலையைச் சுற்றி டேப் பிடியுங்கள்.

எங்கள் வீட்டுச் சுவரில் பென்சில் கோடு இரண்டாகிவிட்டது. 25, அதற்கு மேல் 26 சொச்சம். போன வாரம் மெக்கானிக் அண்ணனிடம் சீட்டை ஒரு அங்குலம் ஏற்றிக் கொண்டுவந்தோம். குழாயில் உள்ள கோடு வெளியே தெரிய இன்னும் மூன்று விரற்கடை இருக்கிறது.